குதிரை வாலைத் தேய்த்துக்கொண்டே இருந்தால்: எங்கே, எப்போது, எதனால்?

காலையில் லாயத்துக்குப் போனதும் மரக் கம்பத்தைப் பாருங்கள். வால் மயிர் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தால், இரவில் உங்கள் குதிரை அங்கே நின்று தேய்த்திருக்கிறது. இன்னும் சில நாளில் வாலடியில் மயிர் முறிந்து குச்சி குச்சியாக நிற்கும். கவனிக்காமல் விட்டால் எலிவால் போல ஆகி, தோல் புண்ணாகிவிடும்.

கோலாலம்பூருக்கு வெளியே ஒரு சிறிய லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற முத்து என்ற குதிரை எங்களிடம் வந்த இரண்டாம் மாதமே வாலைத் தேய்க்க ஆரம்பித்தது. அகாஸ் என்ற சின்னஞ்சிறு பூச்சியின் கடிதான் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். மின்விசிறி மாட்டினோம், வலை கட்டினோம், களிம்பு தடவினோம். பூச்சி மருந்தும் கொடுத்திருந்தோம், லத்திப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது. அதனால் புழுவாக இருக்கும் என்று யாருமே நினைக்கவில்லை. மூன்று மாதம் அந்தப் பிராணி அவதிப்பட்டது.

ஒரு நாள் பழைய சைஸ் (குதிரைப் பராமரிப்பாளர்) ஒருவர் எங்களைப் பார்க்க வந்தார். இன்று இரட்டைக் கோபுரம் நிற்கிற அம்பாங் சாலை இடத்தில் பந்தயத் திடல் இருந்த காலத்திலேயே குதிரை பிடித்தவர். நாங்கள் செய்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிம்மா, வாலைத் தூக்கிப் பாத்தியா?" என்றார். நான் பார்க்கவே இல்லை. அவர் தூக்கிக் காட்டினார். ஆசனவாயைச் சுற்றி மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறத்தில் பசை மாதிரி ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. எங்கள் கேள்விக்கான பதில் மூன்று மாதமும் அங்கேதான் இருந்திருக்கிறது.

ஆகவே இந்தப் பக்கத்தை மருந்தின் பெயரிலிருந்து தொடங்காமல், நீங்கள் கண்ணால் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறேன்.

பார்ப்பதற்கு முன்

அன்று காலை குதிரையைக் குளிப்பாட்ட வேண்டாம். கழுவிவிட்டால் தடயமும் போய்விடும். இன்னொருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் இடுப்புப் பக்கமாக ஒட்டி நின்று, முதுகிலிருந்து கையை மெதுவாக நகர்த்தி வாலடிக்குக் கொண்டுபோங்கள். நேர் பின்னால் நிற்கவே கூடாது. அரிப்பு தாங்காத குதிரை சொறிந்துவிட்ட சுகத்தில் பின்பக்கமாகச் சாயும். புண் இருந்தால் உதைக்கவும் செய்யும்.

கையுறை போட்டுக்கொண்டு வாலடியின் மேல்பக்கம், வாலின் உள்பக்கம், ஆசனவாயைச் சுற்றி, பின்தொடைகளுக்கு இடையே என்று வரிசையாகப் பாருங்கள். பிறகு பிடரியை விரல்களால் பிரித்து, வயிற்றின் நடுக்கோட்டையும் தடவிப் பாருங்கள். மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி வையுங்கள். வால் மட்டுமா, பிடரியும் சேர்ந்தா? எந்த நேரத்தில் தேய்க்கிறது? பக்கத்துக் குதிரைகளும் தேய்க்கின்றனவா? டாக்டரை அழைத்தால் அவர் கேட்கப்போவதும் பெரும்பாலும் இவைதான்.

வாலை மட்டும் தேய்க்கிறது, பிடரி நன்றாக இருக்கிறது

முதலில் கீரிப்பூச்சியைச் சந்தேகப்படுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இரவில் பின்பக்கம் அரிக்குமே, அதே மாதிரிதான். ஆனால் இது குதிரைக்கு மட்டும் வரும் தனி வகை, மனிதருக்குத் தொற்றாது. முதிர்ந்த புழு பெருங்குடலில் வாழ்கிறது. முட்டையிடும் பருவத்தில் பெண் புழு ஆசனவாய் வரை வந்து, வெளித்தோலில் ஒட்டும் பசையோடு முட்டைகளை இட்டுவிட்டுப் போகும். ஒரு புழுவே ஆயிரக்கணக்கில் இடும். அந்தப் பசை காயும்போது வரும் அரிப்புதான் குதிரையைக் கம்பத்துக்கு இழுக்கிறது.

முட்டை வெளித்தோலில் இருப்பதால் லத்திப் பரிசோதனையில் பெரும்பாலும் அகப்படாது. எங்களை ஏமாற்றியது இதுதான். பரிசோதனை செய்தவர்கள் மேல் தவறில்லை. நாங்கள் அனுப்பியதே தவறான மாதிரி.

இதற்குச் செல்லோடேப்தான் சரியான கருவி. மங்கலாக இல்லாமல் நன்றாகத் தெளிவாகத் தெரியும் டேப்பாக வாங்குங்கள். விடிந்ததும், கழுவும் முன், ஒரு விரல் நீளத் துண்டை ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலில் ஒட்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுங்கள். தகடு இல்லையென்றால் தெளிவான பிளாஸ்டிக் துண்டு போதும். அதைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்தால் நுண்ணோக்கியில் பார்ப்பார். முட்டை ஒரு பக்கம் தட்டையாகவும், ஒரு முனையில் மூடி வைத்தது போலவும் இருக்கும். ஒரு நாள் ஒன்றும் தெரியவில்லை என்றால் விட்டுவிட வேண்டாம். தொடர்ந்து மூன்று நாள் எடுங்கள். சில சமயம் புழுவே லத்தியின் மேல் கிடக்கும். வெளுத்த நிறம், ஒரு முனை ஊசி போல நீண்டு மெலிந்திருக்கும், பெண் புழு 10 சென்டிமீட்டர் அளவுக்கும் வளரும்.

மருந்து விஷயத்துக்கு வருவோம். "போன வாரம்தான் ஐவர்மெக்டின் கொடுத்தோம், அதனால் புழு இருக்காது" என்று நாங்கள் சொன்னோம். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. ஐவர்மெக்டின் இந்தப் புழுவிடம் முன்பு போல வேலை செய்வதில்லை என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். பைரான்டெல், ஃபென்பென்டசோல் போன்ற வேறு வகை மருந்தை டாக்டர் பரிந்துரைக்கலாம். பசை வடிவில் வரும் பூச்சி மருந்தை ஆசனவாய்க்குள்ளேயே செலுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது வாய்வழி கொடுக்கத் தயாரித்த மருந்து.

அளவு குறைந்தாலும் புழு தப்பித்துக்கொள்ளும். எடையைக் கண்ணால் மதிப்பிடுவதில் நாம் எல்லோரும் தவறுகிறோம். தையல் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். வந்ததைத் தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுங்கள். மார்புச் சுற்று 180, நீளம் 165 என்றால் 450 கிலோ. முத்துவை நாங்கள் 400 என்று நினைத்துக்கொண்டு மருந்து கொடுத்திருந்தோம். அளந்து பார்த்தால் 450-க்கும் மேலே.

மருந்து கொடுத்தால் பாதி வேலைதான் முடிந்தது. காய்ந்த பசை உதிரும்போது முட்டைகள் கம்பத்திலும் சுவரிலும் தீவனத் தொட்டியிலும் தண்ணீர் வாளியிலும் போய் ஒட்டுகின்றன. இட்ட 4, 5 நாளிலேயே அவை தொற்றும் நிலைக்கு வந்துவிடும். குதிரை நக்கினாலோ தீவனத்தோடு விழுங்கினாலோ மறுபடி உள்ளே போய், ஐந்து மாதம் போல ஆனதும் முதிர்ந்து முட்டையிடத் தொடங்கும். அதனால்தான் பலர் "நன்றாகித் திரும்ப வந்துவிட்டது" என்கிறார்கள்.

நாங்கள் செய்தது இது. தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த காகிதத் துவாலையால் ஆசனவாயையும் வாலின் உள்பக்கத்தையும் துடைத்து, அதைக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினோம். கடற்பஞ்சு, துணி எதுவும் திரும்பப் பயன்படுத்தவில்லை. துடைத்த இடத்தில் மெல்லியதாக வாஸ்லின் தடவினோம். தேய்க்கும் கம்பம், கதவு, தொட்டி, வாளி எல்லாவற்றையும் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிப் பிரஷ் போட்டுத் தேய்த்தோம். கிருமிநாசினி தெளிப்பதை மட்டும் நம்பாதீர்கள், இந்த முட்டைக்கு அது பெரிதாக உறைக்காது. கீழே விரித்த மரச்சீவலை முழுக்க மாற்றினோம். முத்துவுக்கென்று தனி பிரஷ், தனி வாளி வைத்தோம். டாக்டர் சொன்னபடி லாயத்தில் இருந்த மற்ற ஐந்து குதிரைகளுக்கும் டேப் ஒட்டிப் பார்த்தோம். இரண்டுக்கு இருந்தது. அவை ஒரு தடவைகூட வாலைத் தேய்த்ததில்லை.

வாலும் பிடரியும் சேர்ந்து, அந்தி வந்தால் அதிகமாகிறது

இப்போது அகாஸ் பக்கம் திரும்பலாம். ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் அளவே இருக்கும் இந்தச் சின்னப் பூச்சி கடிக்கும்போது அதன் எச்சில் தோலுக்குள் போகிறது. சில குதிரைகளுக்கு அந்த எச்சில் ஒவ்வாமையாகிறது. ஒரே லாயத்தில் பத்துக் குதிரை நின்றால் ஒன்றோ இரண்டோதான் துடிக்கும், மற்றவை பேசாமல் வைக்கோல் தின்றுகொண்டிருக்கும். "மற்றதுக்கெல்லாம் ஒன்றுமில்லையே" என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வாமை அப்படித்தான்.

பிடரி மயிர் முறிவது, தோள்மேடு தடித்துச் சுருக்கம் விழுவது, வாலடியின் மேல்பக்கம் சொரசொரப்பாவது, சில சமயம் வயிற்று நடுக்கோட்டில் பொருக்கு கட்டுவது இதன் அடையாளங்கள். வாலைத் தூக்கினால் உள்பக்கம் சுத்தமாக இருக்கும். கீரிப்பூச்சியிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அதுதான்.

குளிர்நாடுகளில் குளிர்காலம் வந்தால் பூச்சி ஓய்ந்து, குதிரைக்குச் சில மாதம் விடுதலை கிடைக்கிறது. நம் ஊரில் அந்த விடுமுறை கிடையாது. தினம் பிற்பகல் மழை, தேங்கும் சேறு, ஈரமான லத்திக் குவியல், இவை எல்லாமே அகாஸ் பெருகும் இடம். இங்கே ஓடும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வருபவை. வருஷம் முழுக்க இந்தக் கடியை வாங்க அவை பழகியிருக்காது. இந்தப் பூச்சி நீண்ட காலம் இல்லாதிருந்த ஐஸ்லாந்தில் பிறந்து வளர்ந்து வெளிநாடு போகும் குதிரைகளுக்கு இந்த அரிப்பு கடுமையாக வருவதும் இதனால்தான்.

அகாஸுக்குப் பறக்கும் பலம் குறைவு. ஆகையால் முதல் மருந்து மின்விசிறி. குதிரையின் உடம்பில் காற்று நேராகப் படும்படி வையுங்கள், வயரையும் விசிறியையும் அதன் வாய்க்கு எட்டாமல் கட்டுங்கள். சூரியன் மறையும்போது ஒலிக்கும் மக்ரிப் பாங்கு கேட்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே குதிரை உள்ளே வந்துவிட வேண்டும், காலையில் வெயில் ஏறிய பிறகு வெளியே விடுங்கள். கோலாலம்பூரில் ஏழு மணி தாண்டித்தான் விடிகிறது, அதனால் அதிகாலைச் சவாரிக்குப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். சாதாரண கொசுவலையின் கண்ணில் அகாஸ் சுலபமாக நுழைந்துவிடும், அதைவிட நெருக்கமாக நெய்த வலை வேண்டும். லத்தியை லாயத்திலிருந்து தள்ளிக் கொட்டுங்கள், ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள். வாலடி வரை மூடும் மெல்லிய போர்வை நன்றாக உதவும். ஆனால் நம் வெக்கையில் போர்வைக்குள் வேர்த்து நனைந்தால் தோல் இன்னும் கெடும், கையை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

பெர்மெத்ரின் கலந்த பூச்சி விரட்டி பலன் தரும். முழு உடம்பிலும் அடிக்கும் முன் தோளில் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள், புண் மேல் அடிக்காதீர்கள். லாயத்தில் பூனை இருக்கிறதா? பெர்மெத்ரின் பூனைக்குக் கடும் விஷம். காயும் வரை பூனையை அண்ட விடாதீர்கள். வேப்பெண்ணெய், செரை (எலுமிச்சைப் புல்) எண்ணெய் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தேங்காய் எண்ணெயில் கலந்து தடவும்போது கொஞ்ச நேரம் பூச்சி விலகுகிறது என்பது என் அனுபவம், ஆனால் கடுமையான ஒவ்வாமை உள்ள குதிரைக்கு அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. உணர்வு மிகுந்த தோலில் அதுவே எரிச்சல் தரும்.

அரிப்பு அடங்கவில்லையென்றால் டாக்டர் ஸ்டீராய்டு கொடுப்பார். பழைய பாட்டிலில் மிச்சம் இருந்ததை நீங்களாகக் கொடுக்கவே வேண்டாம். குளம்பு அழற்சி வரும் ஆபத்து உண்டு, அது வாலைவிடப் பெரிய துன்பம். பந்தயத்திலோ போட்டியிலோ ஓடும் குதிரையென்றால் மருந்துச் சோதனை இருக்கிறது, தேதியை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அகாஸைக் கட்டுப்படுத்துவது அரிப்புக்காக மட்டுமல்ல. 2020-ல் தாய்லாந்தில் நூற்றுக்கணக்கான குதிரைகளைக் கொன்ற ஆப்பிரிக்கக் குதிரை நோயைப் பரப்பியது இதே இனப் பூச்சிதான். அதே ஆண்டு அந்த நோய் மலேசியாவிலும் கண்டறியப்பட்டது.

வாலடியில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் தேய்க்கிறது

குதிரைக்கு எட்டாத இடத்தில் அரித்தால் எட்டுகிற இடத்தைத் தேய்க்கும். பெட்டைக் குதிரையென்றால் மடியின் இரண்டு பக்கத்துக்கும் நடுவிலுள்ள மடிப்பில் விரல் வைத்துப் பாருங்கள். கறுப்பாக, மெழுகு போல அழுக்கு சேர்ந்திருக்கும். ஆண் குதிரையென்றால் குறியின் உறைக்குள் அதே அழுக்கு. சிலவற்றுக்கு நுனியில் அது உருண்டு பயறு போலக் கெட்டியாகியிருக்கும். சிறுநீர் தெறித்துத் தெறித்துப் போனால் அதைச் சந்தேகப்படலாம்.

வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். டெட்டால் போன்றவை வேண்டவே வேண்டாம். தொடவிடாத குதிரையோடு மல்லுக்கட்டாமல், டாக்டர் வந்து மயக்க ஊசி போட்டுச் சுத்தம் செய்யட்டும். ஒரு தடவை நன்றாகிவிட்டது என்பதற்காக வாராவாரம் கழுவாதீர்கள், அந்த இடத்தின் இயல்பான பாதுகாப்பும் போய்விடும்.

பொடுகு, செதில், வட்டத் திட்டுகள்

மயிரைப் பிரித்தால் வெள்ளைச் செதில் உதிர்கிறதா? கடைசியாக எப்போது ஷாம்பு போட்டீர்கள், எவ்வளவு நேரம் அலசினீர்கள் என்று யோசியுங்கள். வாலடி மயிர் அடர்த்தி, நுரை உள்ளே தங்கிவிடும். சவாரி முடிந்து தினமும் குளிப்பாட்டும் ஊர் இது. வெறும் தண்ணீர் போதும், ஷாம்பு எப்போதாவது. கழுவிய வாலை ஈரத்தோடு கட்டி வைக்காதீர்கள்.

வட்டம் வட்டமாக மயிர் கொட்டினால் படர்தாமரையாக இருக்கலாம். இது உங்களுக்கும் ஒட்டும், கையுறையைக் கழற்றாதீர்கள். பிரஷை வேறு குதிரைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வெக்கையான நாட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஓடி முடித்த குதிரைக்கு வேர்க்கவே இல்லை, மூச்சு மட்டும் வாங்குகிறது, தோல் காய்ந்து செதிலாகிறது, நெற்றியில் மயிர் உதிர்கிறது என்றால் சைஸ்கள் 'டிரை கோட்' என்பார்களே, அதுதான். அரிப்பு அங்கே சின்னப் பிரச்சினை. உடம்புச் சூடு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். நிழலில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிவிட்டு, உடனே டாக்டருக்கு ஃபோன் செய்யுங்கள்.

பேன், சிற்றுண்ணி, பக்கத்துக் கோழிக்கூடு

பேன் என்றால் வெயிலில் நிறுத்திப் பிடரியையும் வாலடியையும் பிரித்தாலே ஊர்வது தெரியும், மயிரில் ஈர் ஒட்டியிருக்கும். குதிரைப் பேன் நம் தலைக்கு ஏறாது. இரண்டு வாரம் கழித்து மறுபடி மருந்து போட்டால்தான் ஈரிலிருந்து பொரித்ததும் சாகும். லாயத்தை ஒட்டிக் கோழிக்கூடு இருந்தால், இரவில் டார்ச் எடுத்துப்போய்ச் சுவர் இடுக்கில் பாருங்கள். கோழிச் சிற்றுண்ணி பகலில் ஒளிந்திருந்து இரவில் வந்து குதிரையையும் கடிக்கும். கூட்டைத் தள்ளி வைக்காமல் எந்த மருந்தும் நிற்காது.

வெள்ளைக் குதிரையின் வாலடியில் கட்டி

வயதாக ஆக வெளுத்துப்போன குதிரைகளுக்கு வாலின் உள்பக்கத்திலும் ஆசனவாயைச் சுற்றியும் கறுப்பாகக் கெட்டியான உருண்டைகள் வருவது சகஜம். அது மெலனோமா. பல வருஷம் பேசாமல் இருக்கும், ஆனால் பெரிதானாலோ உடைந்தாலோ குதிரை தேய்க்கும். கிள்ளவோ கட்டு போடவோ வேண்டாம். ஒரு ரூலரைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்புங்கள், மாதம் ஒரு தடவை அதே மாதிரி எடுத்து ஒப்பிடுங்கள்.

புண்ணாகிவிட்டது

தேய்த்துத் தேய்த்து ரத்தம் வந்துவிட்டால் காரணம் தேடுவதைச் சற்று நிறுத்திவிட்டுப் புண்ணைப் பாருங்கள். திறந்த புண்ணில் முட்டையிட்டு உயிருள்ள சதையையே தின்னும் புழுவை உண்டாக்கும் ஈ நம் நாட்டில் இருக்கிறது. நாற்றம், சதை குழிவிழுதல், உள்ளே ஏதோ நெளிவது தெரிந்தால் அன்றைக்கே டாக்டர் வர வேண்டும், மறுநாள் வரை வைக்கக் கூடாது. அதுவரை உப்புநீரால் கழுவி, ஈ அண்டாமல் பாருங்கள். வாலைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று வாலே கெட்டுவிடும்.

எல்லாம் செய்தாயிற்று, இன்னும் தேய்க்கிறது

ஒரே நேரத்தில் இரண்டு காரணம் இருப்பது உண்டு. முத்துவுக்கும் கொஞ்சம் அகாஸ் ஒவ்வாமை இருந்தது, அதனால்தான் மின்விசிறி போட்டபோது சற்று குறைந்தது போலத் தெரிந்து எங்களைத் திசை திருப்பியது. புதுத் தீவனம், புது மரச்சீவல், புதுக் கிருமிநாசினி எது மாறியது என்று நாட்காட்டியைப் பார்த்து யோசியுங்கள். மாற்றிப் பார்ப்பதாக இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தையும் சேர்த்து மாற்றிவிட்டுக் குணமானால், எது குணமாக்கியது என்று தெரியாமலே போகும்.

காரணம் போன பிறகும் சில குதிரைகள் பழக்கத்தால் தேய்க்கும். அதற்குச் சொறிந்துகொள்ள வேறு வழி கொடுங்கள். பக்கத்துக் குதிரையோடு கழுத்து உரசிக்கொள்ள நேரம், வெளியே மேய அதிக நேரம், தினமும் கையால் தேய்த்துவிடுதல். கம்பத்தில் சொரசொரப்பான முனை இருந்தால் வழவழப்பாக இழைத்துவிடுங்கள்.

மயிர் மெதுவாகத்தான் வளரும், மாதத்துக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று முறிந்த குச்சிமயிரை வெட்டாதீர்கள், சீப்புப் போட்டு இழுக்காதீர்கள், விரலால் பிரித்தால் போதும். முத்துவுக்கு மருந்து கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. வாலடியில் ஒரு சாண் நீளத்துக்கும் குறைவாக, புது மயிர் நிமிர்ந்து நிற்கிறது. காலையில் நான் போனதும் முதலில் பார்ப்பது அந்தக் கம்பத்தைத்தான். இந்த வாரம் ஏழு நாளும் அதில் ஒரு மயிர்கூட இல்லை.